கறுத்த வெள்ளியும் ஓர் அமானிதமும்

எங்கள் பக்கத்தில் 'சில்வர்' என்றால் வெள்ளி என்று பொருள் இல்லை. சில்வர் குடம், சில்வர் கோப்பை, சில்வர் சட்டி என்று நாம் சொல்வதெல்லாம் இரும்போடு குரோமியம் கலந்த கறையில்லா உருக்கு. அது கறுப்பதும் இல்லை; அதைப் பற்றி யாரும் கவலைப்படுவதும் இல்லை. உண்மையான வெள்ளி நமது வீடுகளில் கொஞ்சம்தான் இருக்கும். பொன், வெள்ளிப் பாத்திரங்களில் உண்ணுவதையும் பருகுவதையும் மார்க்கம் தடுத்திருப்பதால் வெள்ளித் தட்டும் வெள்ளிக் கரண்டியும் ஒரு முஸ்லிம் வீட்டுக் குசினியில் இரா. நமது வெள்ளி இருக்கும் இடம் அலுமாரியின் அடித்தட்டு அல்லது பழைய பெட்டகத்தின் மூலை. பிள்ளை பிறந்தபோது போட்ட தண்டை, அரைநாண், உம்மாவின் கல்யாணக் கொலுசு, வாப்பாவின் மோதிரம் என்று ஒரு துணிமுடிச்சுக்குள் அது அடங்கிவிடும். நபி (ஸல்) அவர்கள் அணிந்த முத்திரை மோதிரமும் வெள்ளியால் ஆனதே. ஆகையால் அந்த முடிச்சு சிறியதாயினும் அதற்கு ஒரு மதிப்பு உண்டு.

வெள்ளி பொன்னைப் போலத் தன்பாட்டில் மினுங்கிக்கொண்டு கிடக்காது. கவனிக்காமல் விட்டால் முதலில் மஞ்சள் பூக்கும், பிறகு மண்ணிறமாகும், கடைசியில் அடுப்புக்கரி போலக் கறுத்துவிடும். அதை எப்படி வெளுக்கச் செய்வது என்று கேட்டால் ஆளுக்கொரு வழி சொல்வார்கள். சாம்பல் என்பார் ஒருவர், புளி என்பார் இன்னொருவர். தேசிக்காய், பற்பொடி, கடையில் விற்கும் மருந்து என்று பட்டியல் நீளும். உயர்தரத்தில் இரசாயனவியல் படிக்கும் எனக்கு இந்தக் கேள்வி பாடப் புத்தகத்திலிருந்து வரவில்லை. எங்கள் மூத்தம்மாவின் பெட்டகத்திலிருந்து வந்தது. அதில் கறுத்துக் கிடந்த வெள்ளி எங்களுடையது அன்று.

யுத்தத்துக்கு முன்னர் சம்பூர்ப் பக்கத்திலிருந்து தயிர்ச் சட்டிகளோடு கட்டைபறிச்சான் வழியாக மூதூருக்கு வரும் பெண்களில் ஒருவர் மூத்தம்மாவின் சிநேகிதி. மூத்தம்மா அவரைத் 'தங்கச்சி' என்பார். அவர் மூத்தம்மாவை 'அக்கா' என்பார். எங்கள் உம்மாவிலிருந்து பேரப்பிள்ளைகளாகிய நாங்கள் வரை எல்லாருக்கும் அவர் 'தயிரக்கா'. நோன்பு காலத்தில் அவர் சட்டிக்கு மேல் இன்னொரு சிறிய சட்டி வைத்துக் கொண்டுவந்து, "இது நோன்புக்கு" என்று தந்துவிட்டுப் போவாராம். பெருநாளன்று எங்கள் வீட்டு வட்டிலப்பம் அவர் வீட்டுக்குப் போகுமாம். இவையெல்லாம் நான் பிறப்பதற்கு முந்திய கதைகள்.

2006ஆம் ஆண்டு ஏப்ரல் தொடக்கம் சம்பூர்ப் பகுதி மக்கள் குண்டுகளுக்குத் தப்பி வெருகல், வாகரை வழியாக மட்டக்களப்பு வரை போனார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம் மூதூருக்குள் சண்டை வந்தது. இம்முறை முஸ்லிம்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கந்தளாய்க்குப் போனார்கள். மூத்தம்மாவும் போனார். சில வாரங்களில் மூதூர்க்காரர் வீடு திரும்பிவிட்டார்கள். சம்பூர்க்காரருக்கு அது கிடைக்கவில்லை. அவர்களது காணிகள் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. கிளிவெட்டி, மணற்சேனை, பட்டித்திடல், கட்டைபறிச்சான் ஆகிய இடங்களில் இருந்த முகாம்களில் அவர்கள் ஆண்டுக்கணக்கில் தங்க நேர்ந்தது. 2015, 2016ஆம் ஆண்டுகளில்தான் சொந்த நிலத்துக்குத் திரும்பினார்கள்.

தயிரக்கா கட்டைபறிச்சான் முகாமில் இருந்தார். 2009ஆம் ஆண்டு ஒரு நாள் அவர் மூத்தம்மாவிடம் வந்து ஒரு பொட்டலத்தைக் கொடுத்தார். "அக்கா, இதை நீங்க வச்சிருங்க. கொட்டிலுக்குக் கதவே இல்ல. நான் எங்க கொண்டு ஒளிக்கிறது?" என்று கேட்டாராம். கந்தளாயில் தன் பொட்டலத்தைத் தலைக்கு வைத்துப் படுத்த மூத்தம்மாவுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. பொட்டலத்தில் ஒரு சோடிக் கொலுசு, குழந்தைத் தண்டை ஒரு சோடி, மூடியோடு ஒரு குங்குமச் சிமிழ் இருந்தன. ஓடும்போது இடுப்பில் கட்டிக் கொண்டுபோய், திரும்பவும் இடுப்பில் கட்டிக் கொண்டுவந்தவை.

மூத்தம்மா உடனே வாங்கிப் பெட்டகத்தில் போடவில்லை. தயிரக்காவையும் கூட்டிக்கொண்டு மூதூரில் ஒரு நகைக்கடைக்குப் போய் நிறுக்கச் செய்தார். கொலுசு 96.4 கிராம், தண்டை 31.2 கிராம். சிமிழை மூடியபடியே பார்த்து, 'சிமிழ் ஒன்று, திறக்கவில்லை' என்று எழுதச் சொன்னார். கடைத் துண்டின் பின்பக்கத்தில் நாளும் எழுதப்பட்டது. "எங்களுக்குள்ள எதுக்கு அக்கா எழுத்து?" என்று தயிரக்கா மனம் நொந்தாராம். கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு கூறும் வசனம்தான் குர்ஆனில் மிக நீளமான வசனம். ஸூரா அல்பகராவின் 282ஆவது வசனம். அது கடனைப் பற்றியது. மூத்தம்மா அதை அமானிதத்துக்கும் எடுத்துக்கொண்டார்.

அமானிதம் என்ற சொல்லை நாம் அடிக்கடி பாவிக்கிறோம். அதன் கனத்தைச் சீறாவில் ஓர் இடத்தில் தெளிவாகக் காணலாம். 622ஆம் ஆண்டு நபி (ஸல்) அவர்கள் மக்காவை விட்டுப் புறப்படுகிறார்கள். அவர்களை ஊரை விட்டுத் துரத்தியவர்களும் கொல்லத் துணிந்தவர்களும் அந்த ஊரார்தாம். ஆனால் அதே ஊராரின் பொருட்கள் நபியவர்களிடம் அமானிதமாக இருந்தன. அவற்றை உரியவர்களிடம் ஒப்படைப்பதற்காக அலி (ரலி) அவர்கள் மக்காவில் விடப்பட்டார்கள். கொடுத்தவர் எந்த மார்க்கத்தவர், நண்பரா பகைவரா என்ற கேள்வி அங்கே எழவே இல்லை. சிநேகிதியின் பொருளுக்கு எவ்வளவு கவனம் வேண்டும் என்பதை இதிலிருந்து நாமே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

சம்பூருக்குத் திரும்பிய பிறகும் தயிரக்கா வெள்ளியை வாங்கவில்லை. "வீடு கட்டி முடியட்டும் அக்கா" என்று தள்ளிப்போட்டார். வீடு முடிந்தது, 2021ஆம் ஆண்டு, பயணத்தடைகள் இருந்த கொரோனாக் காலத்தில் அவர் காலமானார். மூத்தம்மாவால் போய் முகம் பார்க்க முடியவில்லை. இந்த ஆண்டு அவருடைய மகளிடமிருந்து தொலைபேசி வந்தது. அவருடைய மூத்த பிள்ளைக்குச் சாமத்தியச் சடங்கு. "அம்மம்மாவின்ர கொலுசு போடவேணும் எண்டு பிள்ளை நிக்குது, பெரியம்மா" என்றார்.

அன்று பெட்டகம் திறக்கப்பட்டது. பொட்டலம் கொடுக்கப்பட்ட நாளில் இருந்தபடியே இருந்தது. பத்திரிகைத் தாளில் சுற்றி, மேலே ரப்பர் வளையம் போட்டிருந்தது. ரப்பர் உருகித் தாளோடு ஒட்டியிருந்தது. உள்ளே கொலுசு கன்னங்கரேல் என்று கிடந்தது. ரப்பர் அழுத்திய இடத்தில் மற்ற இடங்களை விடவும் தடித்த ஒரு கறுப்புக் கோடு. மூத்தம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "இப்படிக் குடுத்தா நாம போட்டுப் பாவிச்சிட்டுத் தந்த மாதிரி நினைக்கமாட்டாங்களா மகள்?" என்றார். நிறை குறையக்கூடாது, தோற்றமும் பழுதாகக்கூடாது என்பதுதான் அவருடைய கவலை.

வெள்ளி ஏன் கறுக்கிறது? பலர் நினைப்பது போல அது தூசியும் அன்று, வியர்வை அழுக்கும் அன்று. இரும்பு துருப்பிடிப்பது போல ஒட்சிசனால் மட்டும் வருவதும் அன்று. காற்றில் மிகச் சிறிதளவு கலந்திருக்கும் ஐதரசன் சல்பைட்டு வாயு வெள்ளியோடு தாக்கமுற்று வெள்ளிச் சல்பைட்டு என்னும் கறுப்புப் படையை உண்டாக்குகிறது. அழுகிய முட்டையின் மணம் இந்த வாயுவின் மணமே. கட்டைபறிச்சான் பாலத்தால் வற்று நேரத்தில் போனவர்களுக்கு அந்த மணம் பழக்கமானது. கண்டல் மரங்களுக்குக் கீழே உள்ள கரிய சேற்றில் காற்றுப் புகாத இடத்தில் வாழும் பற்றீரியாக்கள் கடல்நீரிலுள்ள சல்பேற்றிலிருந்து இந்த வாயுவை உண்டாக்குகின்றன. களப்போரத்து வீடுகளில் வெள்ளி சீக்கிரம் கறுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். முட்டை, வெங்காயம், ஆட்டு மயிரால் ஆன கம்பளி ஆகியவற்றிலும் கந்தகம் உண்டு. ரப்பரை வலுவாக்குவதற்குச் சேர்ப்பது கந்தகமே. பத்திரிகைத் தாளிலும் கந்தகச் சேர்வைகள் இருக்கும். யுத்த காலத்தில் கைக்குக் கிடைத்ததில் சுற்றிய அந்தப் பொட்டலம் உள்ளிருந்தே வெள்ளியைக் கறுக்கச் செய்துவிட்டது.

இங்கேதான் முக்கியமான ஒரு விடயம் வருகிறது. அந்தக் கறுப்பு வெளியிலிருந்து வந்து ஒட்டியது மாத்திரம் இல்லை. வெள்ளிச் சல்பைட்டின் திணிவில் ஏறத்தாழ 87 வீதம் வெள்ளி. மீதி 13 வீதமே கந்தகம். சார்அணுத்திணிவுகளை வைத்து யாரும் இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஆக, கறுப்பைச் சுரண்டி எறிகிறவர் வெள்ளியையே எறிகிறார்.

நாங்கள் முதலில் ஒரு நகைக்கடைக்குத்தான் போனோம். "மருந்தில் முக்கினால் ஒரு நிமிசத்தில வெளுத்துடும்" என்றார் அங்கிருந்தவர். "நிறை குறையுமா தம்பி?" என்று மூத்தம்மா கேட்டார். "கொஞ்சம் குறையும்தான் உம்மா. கண்ணுக்குத் தெரியாது" என்று அவர் நேர்மையாகச் சொன்னார். மூத்தம்மா கொலுசைத் திரும்பத் துணியில் முடிந்துகொண்டார். "கண்ணுக்குத் தெரியாட்டி? அல்லாஹ்வுக்குத் தெரியாதா?" என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

அந்த வகை மருந்துகளில் பொதுவாக ஓர் அமிலமும் தயோயூரியா என்ற சேர்வையும் இருக்கும். தயோயூரியா வெள்ளிச் சல்பைட்டைக் கரைத்து எடுத்துவிடுகிறது. கரைந்த வெள்ளி மருந்தோடு போய்விடும். அது புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று ஐயுறப்படும் ஒரு பொருளும் ஆகும். எங்கள் பகுதிக் கிணறுகள் ஆழம் குறைந்தவை. மணலுக்குள் ஊறிய மழைநீரைத்தான் நாம் அள்ளிக் குடிக்கிறோம். முற்றத்தில் ஊற்றிய எதுவும் மணல் வழியே கிணற்றைத் தேடிப் போகும். சிறுபிள்ளைகள் உள்ள வீட்டில் இப்படிப்பட்ட ஒரு போத்தலை வைத்திருப்பதும் நல்லதன்று.

சரி, சாம்பல்? அது இரசாயன மருந்து அன்று. ஆனால் அது அரம். நெல் விளையும் எங்கள் ஊர்களில் உமிச்சாம்பலுக்குப் பஞ்சமில்லை. உமிச்சாம்பலின் பெரும்பகுதி சிலிக்கா, அதாவது மணலின் இனம். கடினத்தை அளக்கும் மோவின் அளவுகோலில் வெள்ளி 3ஐத் தாண்டாது. மணலின் படிகச் சிலிக்கா 7. பானையின் கரியைப் போக்க அது நல்லது; மெல்லிய பூவேலை உள்ள கொலுசில் தேய்த்தால் பூவின் இதழ் மழுங்கும். பற்பசையிலும் பற்பொடியிலும் தேய்க்கும் துகள்கள் இருப்பதால் அவற்றுக்கும் இதே குறை உண்டு. புளியும் தேசிக்காயும் பித்தளைக்கும் செம்புக்கும் நன்றாக வேலை செய்யும். ஏனெனில் செம்பின் ஒட்சைட்டு மென்னமிலங்களில் கரையும். வெள்ளிச் சல்பைட்டு அவற்றுக்கு மசியாது. ஒரு தடவை தேய்ப்பதால் குறையும் நிறை தராசில் தெரியாத அளவுதான் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் ஆண்டுதோறும் தேய்த்தால், பாட்டிமாரின் நகைகளில் நாம் காணும் அந்த வழுவழுப்பான, உருவம் அழிந்த பூக்கள்தான் மிஞ்சும்.

அப்படியானால் கந்தகத்தை மட்டும் பிரித்தெடுத்து வெள்ளியை இருந்த இடத்திலேயே விட்டுவிட முடியாதா? முடியும். மின்னிரசாயனம் படித்த எவருக்கும் இது விளங்கும். அலுமினியம் இலத்திரன்களை எளிதில் கொடுக்கும் உலோகம். அதன் நியம மின்வாய் அழுத்தம் −1.66 வோல்ற்று. வெள்ளியினது +0.80 வோல்ற்று. கறுத்த வெள்ளி, உப்பும் அப்பச்சோடாவும் கரைந்த சுடுநீருக்குள் அலுமினியத்தைத் தொட்டுக்கொண்டு கிடந்தால், அங்கே ஒரு சிறிய மின்கலம் உண்டாகிவிடுகிறது. அலுமினியம் ஒட்சியேறுகிறது, வெள்ளிச் சல்பைட்டிலுள்ள வெள்ளி தாழ்த்தப்பட்டு மீண்டும் உலோக வெள்ளியாகிறது. சமன்பாட்டைச் சொற்களில் எழுதினால் இப்படி வரும்:

3 வெள்ளிச் சல்பைட்டு + 2 அலுமினியம் + 6 நீர் → 6 வெள்ளி + 2 அலுமினியம் ஐதரொட்சைட்டு + 3 ஐதரசன் சல்பைட்டு

அப்பச்சோடாவுக்கு இதில் என்ன வேலை? அலுமினியத்தின் மேல் எப்போதும் ஒரு மெல்லிய ஒட்சைட்டுப் படை இருக்கும். சோடா கலந்த சுடுநீர் அதை நீக்கி, உலோகத்தை வெளியே கொண்டுவருகிறது. உப்பு கரைசலின் மின்கடத்துதிறனைக் கூட்டுகிறது. சூடு தாக்கத்தை விரைவாக்குகிறது. மூன்றும் எந்தக் குசினியிலும் இருப்பவை.

கடலில் கிடந்த வெள்ளியைக் காப்பாற்ற அரும்பொருட்சாலைகளில் மின்னோட்டம் செலுத்திச் செய்வதும் அடிப்படையில் இதே தாழ்த்தலே. இதைச் சொல்லும்போது நமது நாட்டுச் சம்பவம் ஒன்று நினைவுக்கு வருகிறது. 1961ஆம் ஆண்டு, தெற்கே கிரிந்தைக்கு அப்பால் உள்ள 'கிரேட் பாசஸ்' கற்பாரில் மைக் வில்சன் என்பவர் மூழ்கிய கப்பல் ஒன்றின் வெள்ளி நாணயங்களைக் கண்டெடுத்தார். இவரும் எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் நமது திருகோணமலைக் கடலிலும் சுழியோடியவர்கள். அந்த நாணயங்கள் முகலாயப் பேரரசர் அவுரங்கசீப் காலத்துச் சூரத்து ரூபாய்கள். ஹிஜ்ரி 1113 என்று பொறிக்கப்பட்டவை, அது கி.பி. 1701, 1702 ஆண்டுகளோடு பொருந்தும். பையில் கட்டியபடியே இரண்டரை நூற்றாண்டு கடலில் கிடந்து, ஒன்றோடொன்று இறுகிக் கட்டியாகியிருந்தன. அவற்றைப் பற்றிக் கிளார்க் 1964இல் ஒரு நூலே எழுதினார். வெள்ளி மாறுமே தவிர எளிதில் அழிவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

வழி தெரிந்த பிறகும் மூத்தம்மா கொலுசைத் தண்ணீரில் போட விடவில்லை. "மத்தவங்கட பொருள். கேட்டுட்டுத்தான் கை வைக்கணும்" என்றார். நான்தான் தயிரக்காவின் மகளுக்கு அழைப்பு எடுத்துக் கொடுத்தேன். கறுத்துப்போனதை மூத்தம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார். மறுபக்கத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது. "அது கறுக்கும்தானே பெரியம்மா. அம்மா திருநீறு போட்டுத் துடைப்பா. நீங்க விரும்பினபடி செய்யுங்க" என்றார். பிறகு கொஞ்ச நேரம் பேசாதிருந்துவிட்டு, "சிமிழை மட்டும் ஒண்டும் செய்யவேண்டாம். அம்மா போட்ட குங்குமம் உள்ளுக்க இருந்தாலும் இருக்கும்" என்றார்.

அந்தச் சிமிழை விட்டது வேறொரு வகையிலும் சரியாயிற்று. அதன் மூடியில் கொடிவேலை செதுக்கி, பள்ளங்களில் வேண்டுமென்றே கறுப்பு ஏற்றியிருந்தது. இந்த முறையில் போட்டிருந்தால் அந்தக் கறுப்பும் போய், சித்திரம் தட்டையாகியிருக்கும். முத்து, பவளம், ஒட்டிய கல், மினாக்காரி வேலை உள்ளவற்றையும் சுடுநீரில் போடக்கூடாது. அவற்றை மென்மையான சவர்க்கார நீரில் நனைத்த பஞ்சால் துடைத்தால் போதும்.

முதலில் என் சொந்தத் தண்டையில் செய்து பார்த்தோம். அது நன்றாக வந்த பிறகே கொலுசை எடுத்தோம். முறை இதுதான்: கொலுசைச் சவர்க்கார நீரில் கழுவி எண்ணெய்ப் பசையை நீக்கினோம். ஒரு பீங்கான் பாத்திரத்தின் அடியில் அலுமினியத் தாளை விரித்து, அதன்மேல் கொலுசைத் தாளில் நன்கு படும்படி வைத்தோம். ஒரு மேசைக்கரண்டி அப்பச்சோடாவும் ஒரு மேசைக்கரண்டி உப்பும் தூவி, கொதித்து இறக்கிய ஒரு லீற்றர் தண்ணீரை மெதுவாக ஊற்றினோம். நுரைத்தது. சற்று நேரத்தில் பாலத்தடி மணம் எங்கள் குசினிக்குள் வந்தது. அளவு மிகக் குறைவுதான். இருந்தும் யன்னலைத் திறந்துவைப்பது அவசியம். ஐந்து நிமிடத்தில் திருப்பிப் போட்டோம். கறுப்பு தடித்திருந்ததால் தண்ணீரையும் தாளையும் மாற்றி இன்னும் இரண்டு தடவை செய்ய வேண்டியிருந்தது. வெள்ளி வெளுக்க வெளுக்க, அலுமினியத் தாள் மங்கிக் கறை படிந்தது. நகை வெள்ளியில் உறுதிக்காகச் செம்பு கலப்பார்கள். அந்தச் செம்பினால் வந்த மண்ணிறம் கொக்கிகளின் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் எஞ்சியது. பஞ்சில் தேசிக்காய்ச் சாற்றைத் தொட்டு அதைத் துடைத்து, உடனே நல்ல தண்ணீரில் அலசினோம். சலங்கை மணிகளுக்குள் நீர் நிற்கும் என்பதால் மின்விசிறிக் காற்றில் ஓர் இரவு உலர விட்டோம்.

புதிதாக வாங்கிய கொலுசைப் போல அது பளபளக்கவில்லை. தாழ்த்தப்பட்டு வந்த வெள்ளி சற்று மங்கலான வெண்மையாக இருக்கும். பழைய பருத்தித் துணியால் அழுத்தாமல் துடைத்ததும் ஒளி வந்தது. இலைக்கு இலை, நரம்புக்கு நரம்பு, பூவேலை அப்படியே இருந்தது. ரப்பர் விழுந்த இடத்தில் மட்டும் உற்றுப் பார்த்தால் ஒரு மெல்லிய நிழல் தெரிந்தது. அதைத் தேய்த்துப் போக்க நாங்கள் முயலவில்லை.

மறுநாள் கடைக்குக் கொண்டுபோய் நிறுத்தோம். கொலுசு 96.4 கிராம். தண்டை 31.2 கிராம். மூத்தம்மா அந்த எண்களை என்னை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார்.

எங்கள் வீட்டு வெள்ளிக்கும் இப்போது புதிய ஒழுங்கு வந்துவிட்டது. பத்திரிகைத் தாளும் ரப்பர் வளையமும் போயின. கழுவிக் காயவைத்த பருத்தித் துணியில் தனித்தனியே சுற்றி, இறுக மூடும் பையில் இட்டு, ஈரத்தை உறிஞ்ச ஒரு வெண்கட்டித் துண்டையும் போட்டு வைத்திருக்கிறோம். சப்பாத்துப் பெட்டிகளோடு வரும் சிறிய சிலிக்காப் பொதி கிடைத்தால் இன்னும் நல்லது. அடிக்கடி அணிவதும் ஒரு காவல்தான். அணிந்த கொலுசு துணியில் உரசி உரசி, கறுப்பு தடிக்கவிடாது. தோழியரே, உங்கள் வீட்டு முடிச்சையும் ஒரு நாள் அவிழ்த்துப் பாருங்கள். நிறுத்து எழுதி வையுங்கள். 200 திர்ஹம், அதாவது சுமார் 595 கிராம் வெள்ளி ஸகாத்துக்குரிய நிஸாப் என்பதால் அந்தக் கணக்கு வாப்பாவுக்கும் உதவும். அந்த முடிச்சில் வேறு யாருடையதாவது இருக்கிறதா என்றும் உம்மம்மாரிடம் கேளுங்கள். ஊர் இரண்டு மூன்று முறை இடம்பெயர்ந்தது. யார் யாரிடம் எதைக் கொடுத்தார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

சடங்குக்கு இரண்டு நாள் முன்னர் மூத்தம்மா, உம்மா, நான் மூவரும் ஓட்டோவில் கட்டைபறிச்சான் பாலத்தைத் தாண்டிச் சம்பூருக்குப் போனோம். தயிரக்காவின் படத்துக்கு மாலை போட்டிருந்தது. மூத்தம்மா உட்காருவதற்கு முன்னரே கடைத் துண்டை எடுத்து நீட்டி, "வாசி மகள், எல்லாம் சரியா எண்டு பாரு" என்றார். "எனக்கெதுக்குப் பெரியம்மா?" என்று அவர் தாயைப் போலவே மனம் நொந்தார். மூத்தம்மா விடவில்லை. அவர் சத்தமாக வாசித்தார். 'சிமிழ் ஒன்று, திறக்கவில்லை' என்ற இடத்தில் குரல் தடுமாறியது.

பிறகு சிமிழைத் திறந்தார். மூடி இறுகியிருந்ததால் கொஞ்சம் நேரம் எடுத்தது. உள்ளே குங்குமம் காய்ந்து, கருஞ்சிவப்பாக ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தது. நடுவில் ஒரு விரல் தொட்டெடுத்த பள்ளம் அப்படியே இருந்தது. அதை யாரும் தொடவில்லை. பேத்தி கொலுசைக் காலில் போட்டுக்கொண்டு முற்றம் வரை நடந்து பார்த்தாள். சலங்கை கேட்டது. மூத்தம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தயிர் இருக்கா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்துவிட்டோம். தயிர் வந்தது.

புறப்படும்போது மூத்தம்மா அந்தத் துண்டில் 'பெற்றுக்கொண்டேன்' என்று எழுதி, நாளிட்டு, கையொப்பம் வாங்கிக்கொண்டார். அது இப்போது எங்கள் பெட்டகத்தில், பொட்டலம் இருந்த இடத்தில் இருக்கிறது.